திடீர்னு ஆஃப் ஆகுதா லேப்டாப்? மதர்போர்டுக்குக் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மே மாசம், மதியம் 3 மணி. குமாரபாளையத்தில் இருக்கும் என் சித்தி மகளிடமிருந்து போன். "அக்கா, மறுபடியும் ஆஃப் ஆயிடுச்சு. இன்னைக்கு மட்டும் நாலாவது தடவை." குரலே சரியில்லை. கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

முந்தின நாளே லேப்டாப்பை ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, சிவப்பு நிறத்தில் 'கிரிட்டிக்கல்' என்று இருந்ததைக் காட்டி, "பாருங்க, பவர்னு போட்டிருக்கு. மதர்போர்டு போயிடுச்சு. 9 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டாராம். அந்த லேப்டாப்பையே செகண்ட் ஹேண்டில் 15 ஆயிரத்துக்குத்தான் வாங்கினார்கள். சித்தப்பா விசைத்தறி ஓட்டுபவர். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். சித்தி போனை வாங்கி, "ஏன் கண்ணு, கடன் வாங்கியாவது புதுசே எடுத்துக் கொடுத்தரலாமா?" என்று கேட்டார்.

"ஒரு நாள் பொறுங்க சித்தி" என்றேன். அந்த ஒரு நாளில் நாங்கள் செய்து பார்த்ததையும், அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதையும்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன். சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் சில விஷயங்கள் கூடுதலாகவே பொருந்தும்.

முதல் வேலை: ஃபைலைக் காப்பாத்துங்க

காரணம் என்ன என்று தேடுவதெல்லாம் அப்புறம். லேப்டாப் ஆனில் இருக்கும் அந்த 20 நிமிடத்திலேயே முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவுக்கோ, கூகுள் டிரைவுக்கோ மாற்றிவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் போது மின்சாரம் பட்டென்று போனால் திறந்திருக்கும் ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. திரும்பத் திரும்ப நடந்தால் ஹார்டு டிஸ்க்குக்கும் நல்லதல்ல. மதர்போர்டு போனால் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வருட உழைப்பில் எழுதிய ரிப்போர்ட் போனால் எங்கே போய் வாங்குவது?

எப்படி ஆஃப் ஆகுது? இதில்தான் பாதி விடை

'தானா ஆஃப் ஆகுது' என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் நான்கு வகை இருக்கிறது.

1. கரன்ட் போன மாதிரி பட்டென்று திரை கருப்பாகி, சத்தமே இல்லாமல் அணைவது. இதற்குப் பெரும்பாலும் சூடு, பேட்டரி, சார்ஜர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம்.

2. நீலத் திரையில் ஏதோ செய்தி காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆவது. புதிய விண்டோஸ் 11-ல் இதே திரை கருப்பு நிறத்துக்கு மாறியிருக்கிறது. இது டிரைவர், ரேம், டிஸ்க் அல்லது சாஃப்ட்வேர் பக்கம் கை காட்டுகிறது.

3. 'ஷட்டிங் டவுன்' அல்லது 'ரீஸ்டார்ட்டிங்' என்று எழுத்து காட்டி, ஒழுங்காக மூடிக்கொண்டு போவது. இது பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட். ரிப்பேரே இல்லை.

4. ஆஃப் ஆன மாதிரி தெரியும், பவர் பட்டனைத் தொட்டால் விட்ட இடத்திலேயே திரும்ப வரும். இது ஸ்லீப் அல்லது ஹைபர்னேட். செட்டிங்கை மாற்றினால் போதும்.

இதோடு, எப்போது நடக்கிறது என்றும் இரண்டு நாள் ஒரு பேப்பரில் குறித்து வையுங்கள். மணி என்ன, சார்ஜர் மாட்டியிருந்ததா, என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, ஃபேன் சத்தம் கூடியிருந்ததா. என் தங்கை குறித்துக்கொடுத்த பேப்பரில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. காலையில் ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை. எல்லாமே மதியம் 12 மணிக்கு மேல்தான். ஆஃப் ஆவதற்கு முன் ஃபேன் இரைச்சல் போட்டிருக்கிறது. உடனே ஆன் செய்தால் 5 நிமிடத்தில் மறுபடி ஆஃப். அரை மணி நேரம் ஆறவிட்டால் நன்றாக ஓடுகிறது.

அந்த சிவப்பு 'கிரிட்டிக்கல்' என்னதான் சொல்லுது?

கடைக்காரர் காட்டியது 'ஈவன்ட் வியூவர்'. இது எல்லா விண்டோஸிலும் இருக்கும் டைரி மாதிரி. ஸ்டார்ட் மெனுவில் இந்தப் பெயரைத் தேடித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்', அதன் கீழ் 'சிஸ்டம்' போனால் என்னென்ன நடந்தது என்று நேரத்தோடு இருக்கும். அங்கே கவனிக்க வேண்டிய எண்கள் நான்கு.

41: பெயர் 'கெர்னல்-பவர்'. பெயரில் பவர் இருப்பதால் பவர் சப்ளையோ மதர்போர்டோ போய்விட்டது என்று அர்த்தமில்லை. 'கடைசி தடவை நான் முறைப்படி ஷட் டவுன் ஆகவில்லை, அதற்குள் மறுபடி ஆன் ஆகியிருக்கிறேன்' என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். பவர் பட்டனை நீங்களே 10 விநாடி அழுத்திப் பிடித்து அணைத்தாலும் இதே 41 வரும். இது விளைவு. காரணம் இல்லை.

6008: எதிர்பாராமல் அணைந்தது என்ற இன்னொரு குறிப்பு. எத்தனை மணிக்கு என்றும் சொல்லும்.

1074: யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒரு புரோகிராம் கேட்டுத்தான் அணைந்தது. யார் என்றும் அதிலேயே இருக்கும். அப்டேட்தான் குற்றவாளியா என்று இதில் தெரிந்துவிடும்.

1001, பக்செக்: நீலத் திரை வந்ததற்கான பதிவு.

41-ஐ கிளிக் செய்து 'டீட்டெய்ல்ஸ்' பக்கம் போனால் 'பக்செக் கோடு' என்று ஒரு வரி இருக்கும். அதில் 0 இருந்தால், எழுதி வைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை, அதாவது மின்சாரம் நேரடியாகத் துண்டிக்கப்பட்டிருக்கலாம் அல்லது மெஷின் உறைந்து போயிருக்கலாம். 0 இல்லாமல் வேறு எண் இருந்தால் நீலத் திரை கேஸ். தங்கையின் லேப்டாப்பில் எல்லாமே 0. மதிய நேரம், ஃபேன் சத்தம், 0. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் ஒன்றின் மேல்தான்: சூடு.

சேலம் வெயிலும் தறிப் பஞ்சும்

பிராசசருக்குள் வெப்பத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. சூடு ஏறினால் முதலில் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது லேப்டாப் ஸ்லோவாகும். அதையும் மீறி, சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போனால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தையே துண்டித்துவிடும். விண்டோஸிடம் அனுமதியெல்லாம் கேட்காது. அதனால்தான் பதிவில் 0. சில மாடல்களில் அடுத்த தடவை ஆன் செய்யும்போது 'அதிக வெப்பத்தால் அணைக்கப்பட்டது' என்ற மாதிரி ஒரு செய்தி வரும். அவசரத்தில் தட்டிவிட்டுப் போகாமல் படியுங்கள்.

சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் ஏப்ரல், மே வந்தால் 'வெயில் சதமடித்தது' என்று நாங்களே தினமும் செய்தி போடுவோம். அந்த 100 டிகிரி ஃபாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் 37.8. பெரும்பாலான லேப்டாப் கம்பெனிகள் 'இந்த வெப்பம் வரைக்கும் உள்ள அறையில் பயன்படுத்துங்கள்' என்று சொல்லும் அளவு 35 டிகிரிதான். வெளியே நிழலிலேயே 37.8 என்றால், சிமென்ட் ஷீட் போட்ட வீட்டுக்குள் மதியம் எவ்வளவு இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். லேப்டாப்பை உள்ளே இழுக்கும் காற்றே சூடாக இருந்தால் அது எப்படிக் குளிரும்?

அடுத்தது பஞ்சு. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, எடப்பாடி, ஜலகண்டாபுரம், இளம்பிள்ளை என்று இந்தப் பக்கம் முழுக்க விசைத்தறி. தறி ஓடும் இடத்தில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். லேப்டாப்பின் ஃபேன் அடிப்பக்கமாகக் காற்றை இழுத்து, சீப்புப் பற்கள் மாதிரி நெருக்கமான உலோகத் தகடுகள் வழியாக வெளியே தள்ளும். சாதாரண மண் தூசியில் கொஞ்சமாவது அந்த இடுக்கு வழியாக வெளியே போய்விடும். பஞ்சு போகாது. ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவே படிந்து படிந்து கம்பளித் துண்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஃபேன் சுற்றும், சத்தம் வரும், ஆனால் காற்று வெளியே வராது.

சோதிப்பது சுலபம். லேப்டாப் சூடாக இருக்கும்போது காற்று வெளியேறும் ஓட்டைக்குப் பக்கத்தில் கையை வையுங்கள். ஃபேன் இரைச்சல் போடுகிறது, கையில் காற்றே படவில்லை என்றால் உள்ளே அடைப்பு. 'ஹெச்டபிள்யூ மானிட்டர்' மாதிரி இலவச மென்பொருள் போட்டால் வெப்பத்தை எண்ணிலேயே பார்க்கலாம். சும்மா இருக்கும்போதே 80, 90 டிகிரி காட்டினால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பஞ்சர் கடை காற்றைப் பிடித்து லேப்டாப்புக்குள் அடிப்பதை நம்மூரில் பார்த்திருப்பீர்கள். வேண்டாம். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கலாம், அழுத்தமும் அதிகம். ஃபேன் தாறுமாறாகச் சுற்றிக் கெட்டுப்போகும். வெளியே இருந்து ஊதினால் பஞ்சு அடைப்பு நகராது, ஃபேன் பக்கமே திரும்பி வந்து சிக்கிக்கொள்ளும். அடிமூடியைத் திறந்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, அடைப்பை எடுப்பதுதான் வழி. கூடவே பிராசசர் மேல் இருக்கும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். பழக்கம் இல்லாதவர்கள் கடையில் கொடுத்தே செய்யலாம். 'சர்வீஸ், கிளீனிங், பேஸ்ட்' என்று கேட்டாலே தெரியும்.

மெத்தை மேல், தலையணை மேல் வைத்து வேலை பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். காற்று இழுக்கும் ஓட்டை அடியில்தான் இருக்கிறது. ஒரு பலகை போதும்.

'மோட்டார் போட்டா ஆஃப் ஆகுது': இது வோல்டேஜ் பிரச்னையா?

தோட்டத்து வீடுகளில் அடிக்கடி கேட்பது இது. போர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது லைட் ஒரு கணம் மங்கும், லேப்டாப் ஆஃப் ஆகிவிடும். உடனே 'லோ வோல்டேஜ், லேப்டாப் போச்சு' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

உங்கள் சார்ஜர் கட்டியைத் திருப்பி, 'இன்புட்' என்ற இடத்தைப் படியுங்கள். பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். 180 வோல்ட் வந்தாலும் அது வேலை செய்யும். ஒரு விநாடி கரன்ட் போனால்கூட அதைத் தாங்கத்தான் லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கிறது. அப்படியும் ஆஃப் ஆகிறது என்றால் பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம். மின்வாரியத்தைத் திட்டிப் பயனில்லை.

இது பழைய அரசு லேப்டாப்களில் ரொம்ப சகஜம். 2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. அண்ணன் படித்தது, இன்று தம்பியோ தங்கையோ வைத்திருப்பது என்று பல வீடுகளில் அவை இன்னும் ஓடுகின்றன. அதன் பேட்டரி உயிரோடு இருந்தால்தான் ஆச்சரியம். சார்ஜரைப் பிடுங்கிய நொடியில் அணைந்தால் சந்தேகமே வேண்டாம்.

பேட்டரியின் ஆரோக்கியத்தை விண்டோஸே சொல்லும். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, 'பவர்' என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஒரு ரிப்போர்ட் ஃபைல் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும். அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது புதிதாக இருந்தபோது உள்ள கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' இப்போது உள்ளது. பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம். 30 சதவீதம் காட்டிக்கொண்டே பட்டென்று அணைவதும் பேட்டரி தளர்ந்ததன் அடையாளம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பாருங்கள். பல மாடல்களில் 'யுபிஎஸ் மோட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதில் வைத்தால் கரன்ட் போகும்போது மாறும் நேரம் குறையும்.

சார்ஜரையும் விட்டுவிடாதீர்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜரோ, விலை குறைவான டூப்ளிகேட்டோ போட்டால், சாதாரண வேலையில் ஒன்றும் தெரியாது. வீடியோ எடிட்டிங், கேம் என்று சுமை கூடும்போது தடுமாறும். தெரிந்தவர்களிடம் அதே வோல்ட், அதே அல்லது அதிக வாட் உள்ள ஒரிஜினல் சார்ஜரை ஒரு நாள் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

இதை மட்டும் அலட்சியம் பண்ணாதீங்க: டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா? அடிமூடி உப்பியிருக்கிறதா? மேஜையில் வைத்தால் ஆடுகிறதா? பேட்டரி வீங்கியிருக்கிறது. அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கலாம். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022-ல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது உற்பத்தியாளர்களின் பொறுப்பு. சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பவர்களிடமோ கொடுங்கள்.

நீலத் திரை வந்தால்?

இது வேறு கதை. சில நேரம் மெஷின் மேல் தப்பே இருக்காது. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன. பல மெஷின்கள் ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி விழுந்து, மறுபடி ரீஸ்டார்ட் ஆகின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒரு பார்ட்கூடக் கெடவில்லை.

அதனால் நீலத் திரை வந்தால் முதலில் செய்தியைப் படிக்க வேண்டும். அதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்றால், 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். 'ஸ்டாப் கோடு' வரியை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சமீபத்தில் என்ன புதிதாகப் போட்டீர்கள் என்று யோசியுங்கள். பிரிண்டர் டிரைவரா, இரண்டாவது ஆன்டிவைரஸா, கிராக் சாஃப்ட்வேரா? எடுத்துவிட்டுப் பாருங்கள். அடுத்து ரேம். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' தேடி ஓடவிட்டால், ரீஸ்டார்ட் ஆகி ரேமைச் சோதித்துச் சொல்லும். ரேமைக் கழற்றி மாட்டினாலே சரியாகும் கேஸ்களும் உண்டு.

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதில்தான் இருக்கிறீர்கள் என்றால் அடுத்தது என்ன என்று யோசிக்க வேண்டிய நேரம் இது.

விண்டோஸா, மெஷினா? குழப்பம் தீர ஒரு டெஸ்ட்

லேப்டாப்பை ஆன் செய்து, விண்டோஸுக்குள் போகாமல் பயாஸ் திரையிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் பென் டிரைவில் லினக்ஸ் போட்டு, ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அணைந்தால் விண்டோஸ் மேல் தப்பு இல்லை, ஹார்டுவேர்தான். லினக்ஸில் மணிக்கணக்கில் நன்றாக ஓடி, விண்டோஸில் மட்டும் விழுந்தால் சாஃப்ட்வேர் மேல் சந்தேகம் கூடும். ஃபார்மேட் அடிக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன் இந்த டெஸ்ட் அவசியம்.

கடைக்குப் போனால் என்ன கேட்கணும்?

மதர்போர்டு கெடவே கெடாது என்று சொல்ல வரவில்லை. தண்ணீர் பட்டது, இடி மின்னல், சார்ஜர் பின் உடைந்தது என்று உண்மையிலேயே போர்டு போகும் கேஸ்கள் இருக்கின்றன. நேர்மையாக வேலை பார்க்கும் கடைக்காரர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது:

* போர்டில் எந்தப் பகுதி போயிருக்கிறது? எப்படி டெஸ்ட் பண்ணினீங்க?
* வேறு சார்ஜர், வேறு ரேம் போட்டுப் பார்த்தீங்களா?
* கிளீனிங், பேஸ்ட் முடித்த பிறகும் இதே பிரச்னை இருக்கா?
* முழு போர்டும் மாற்றணுமா, கெட்ட பாகத்தை மட்டும் சரி பண்ண முடியுமா?
* மாற்றினால் பழைய பார்ட்டைத் திருப்பித் தருவீங்களா? வேலைக்கு எத்தனை நாள் வாரன்டி?

வாரன்டி இருக்கும் லேப்டாப்பை நீங்களும் திறக்காதீர்கள், வெளிக்கடையிலும் கொடுக்காதீர்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது கையடக்கக் கணினி என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. அப்படிக் கிடைத்த புது லேப்டாப் என்றால் முதலில் வாரன்டி எத்தனை நாள், எங்கே போக வேண்டும் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சரி, தங்கை லேப்டாப் என்ன ஆச்சு?

வேறு ஒரு கடையில், 'திறந்து கிளீன் பண்ணிக் கொடுங்க, நாங்க பக்கத்திலேயே நிக்கிறோம்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அடிமூடியைக் கழற்றி ஃபேனை எடுத்ததும், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை அப்படியே துண்டாக உரிந்து வந்திருக்கிறது. சித்தப்பா அதைக் கையில் வாங்கி, விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம தறிப் பஞ்சு" என்றாராம். பேஸ்ட்டோடு சேர்த்து 700 ரூபாய். அதற்குப் பிறகு மதிய வெயிலிலும் அது அணையவில்லை. ரிப்போர்ட் கடைசி நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது தறிக்கூடத்துப் பக்கம் இருக்கும் கதவைச் சாத்திவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறக்கிறாள். சுவர் காலண்டரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'லேப்டாப் கிளீனிங்' என்று எழுதி வைத்திருக்கிறாள். எழுதியது அவள் இல்லையாம், சித்தப்பாவாம்.

சுருக்கமா சொல்லணும்னா:

* முதலில் பேக்கப்.
* மதியம், சுமை, ஃபேன் சத்தம் என்றால் சூடு. கிளீனிங், பேஸ்ட்.
* சார்ஜரை எடுத்ததும், லைட் மங்கியதும் என்றால் பேட்டரி.
* நீலத் திரை என்றால் ஸ்டாப் கோடைப் படியுங்கள். டிரைவர், ரேம்.
* 'ரீஸ்டார்ட்டிங்' என்று சொல்லிவிட்டு என்றால் அப்டேட்.
* பேட்டரி வீக்கம் என்றால் உடனே நிறுத்துங்கள்.
* வெறும் '41' காட்டி மதர்போர்டு என்றால், இன்னொரு கடையிலும் கேளுங்கள்.